பழைய பிக்கப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பழைய வண்டிக் கடைகளில் பிக்கப் வரிசையைப் பார்த்தால் கண்ணாடியில் 2.4, 2.5, 3.0 என்ற எண்கள்தான் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். "பெரிய எஞ்சின், எதையும் இழுக்கும்" என்பார் ஒரு கடைக்காரர். "சின்ன எஞ்சின், எண்ணெய் மிச்சம்" என்பார் அடுத்த கடைக்காரர். குத்தகை வேலை எடுப்பவர், இரவுச் சந்தையில் கடை போடுபவர், சில ஏக்கரில் செம்பனை வைத்திருப்பவர் எனப் பலரும் தங்கள் சேமிப்பையும் பல ஆண்டு வங்கிக் கடனையும் இந்த ஒரு முடிவில்தான் போடுகிறார்கள். எஞ்சின் கைவிட்டால் வண்டியோடு வருமானமும் நின்றுவிடும்.

அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலை இந்த வாரம் பார்ப்போம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த கணக்கு போதும்.

டீசல் ஏன் சுமைக்கு ஏற்றது?

ஜெர்மன் பொறியியலாளர் ருடோல்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அதில் தீப்பொறிக்கு வேலை இல்லை. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் மேலே வந்து நசுக்குகிறது. இன்றைய பிக்கப் எஞ்சின்களில் காற்று ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். அதே காரணத்தால் இங்கே வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்தக் காற்றில் டீசலைத் தூவியதும் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பலனாக, டர்போவின் துணையோடு, மெதுவாகச் சுழலும்போதே அது பலமாக முறுக்குகிறது. இந்த முறுக்கு விசையைத்தான் டார்க் என்கிறோம். அதன் அளவு நியூட்டன் மீட்டர். முறுக்கு விசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் எஞ்சினின் திறன், அதாவது குதிரைத்திறன் கிடைக்கும்.

மலை ஏறும் கணக்கு

ஒரு டன் சுமை ஏற்றிய பிக்கப் மொத்தம் 3 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். கேமரன் மலைக்குப் போவதுபோல் ஓர் ஏற்றம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயர்கிறது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்.

3,000 கிலோவின் எடை 29,400 நியூட்டன். ஏற்றத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2,940 நியூட்டன், வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். டயர் உருள்வதற்கான தடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 3,400 நியூட்டன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11.1 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 38 கிலோவாட் வரும். கியரிலும் அச்சிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்து எஞ்சின் 45 கிலோவாட் தர வேண்டும். இது சுமார் 60 குதிரைத்திறன்.

இன்று சந்தையில் உள்ள எந்த டீசல் பிக்கப்பும் இதைத் தரும். அது எத்தனை சுற்றில் தருகிறது என்பதில்தான் வேறுபாடு. நிமிடத்துக்கு 1,600 சுற்றில் 45 கிலோவாட் கிடைக்க ஏறக்குறைய 270 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். கியரைக் குறைத்து 2,200 சுற்றுக்குப் போனால் 195 போதும். ஆனால் சத்தமும் தேய்மானமும் கூடும்.

இப்போது உண்மையான எஞ்சின்களைப் பார்ப்போம். டொயோட்டா ஹைலக்ஸில் 2015 வரை வந்த 2.5 லிட்டர் எஞ்சினின் பெயர் 2கேடி. அதிலேயே இரண்டு வகை உண்டு. இன்டர்கூலர் இல்லாத வகை 102 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர் தரும். பின்னர் வந்த மாறும் இறக்கை டர்போ வகை 144 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர் தரும். இரண்டுக்கும் வெளியே எழுதியிருப்பது அதே 2.5தான். நம் கணக்கின்படி முதல் வகை கியரைக் குறைக்கும். இரண்டாவது அப்படியே ஏறிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதன் பிறகு வந்த 2.4 லிட்டர் 2ஜிடி எஞ்சின் ஆட்டோ கியரோடு 400 நியூட்டன் மீட்டர் தருகிறது. இசுசு டி-மேக்ஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 350 தருகிறது. மிட்சுபிஷி டிரைட்டனின் 2.4 லிட்டர் 4என்15 எஞ்சின் 430 தருகிறது. ஆக, புதிய தலைமுறையின் சிறிய எஞ்சின் பழைய தலைமுறையின் பெரிய எஞ்சினை மிஞ்சலாம். லிட்டரை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எஞ்சினின் குறியீட்டையும் அது எத்தனை சுற்றில் எவ்வளவு முறுக்குத் தருகிறது என்பதையும் கேளுங்கள்.

அப்படியானால் பெரிய எஞ்சின் எதற்கு?

சிறிய எஞ்சின் அதிக முறுக்குத் தருவது டர்போ நிறையக் காற்றைத் திணிப்பதால்தான். ஒவ்வொரு பிஸ்டன்மீதும் அழுத்தமும் வெப்பமும் கூடுகின்றன. எப்போதாவது மலை ஏறும் வண்டிக்கு இது பொருட்டில்லை. நாள் முழுதும் முழுச்சுமையோடு ஓடும் வண்டிக்கும், படகையோ டிரெய்லரையோ இழுக்கும் வண்டிக்கும் இது பொருட்டுதான். அங்கே 2.8 அல்லது 3.0 லிட்டர் எஞ்சின் தன் எல்லையைத் தொடாமல் வேலை செய்யும்.

எண்ணெய்ச் செலவிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. முழுச்சுமையோடு ஏறும்போது வேலை ஒன்றுதான் என்பதால் இரு எஞ்சின்களும் குடிக்கும் டீசலில் பெரிய வேறுபாடு இருக்காது. காலியாக ஓடும்போதும் நெரிசலில் நிற்கும்போதும்தான் பெரிய எஞ்சின் தன் உராய்வுக்காகக் கூடுதலாக எரிக்கிறது. உங்கள் வண்டி பெரும்பாலும் காலியாக ஓடுமா, சுமையோடு ஓடுமா? விடை அதில் இருக்கிறது.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ரோன் 95 பெட்ரோல் 2.05 ரிங்கிட். சபா, சரவாக், லாபுவானில் டீசலுக்குப் பழைய விலையே நீடித்தது. டீசல் என்றாலே மலிவு என்ற பழைய கணக்கு தீபகற்பத்தில் அன்றோடு உடைந்தது. பட்டணத்துக்குள் சில பெட்டிகளை மட்டும் ஏற்றிச் செல்பவருக்குப் புரோட்டோன் அரேனா போன்ற சிறிய பெட்ரோல் பிக்கப்பே போதுமானதாக இருக்கலாம்.

எஞ்சினைக் கொல்லும் மூன்று

முதலாவது, அசுத்தமான டீசல். காமன் ரெயில் எஞ்சின்களில் டீசல் 1,600 முதல் 2,000 மடங்கு காற்றழுத்தத்தில் தூவப்படுகிறது. இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறியது. ஒரு துளி நீரும் நுண்ணிய துருவும் அதைத் தேய்த்துவிடும். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கப்படுகிறது. பி10 என்றால் பத்து விழுக்காடு. எஞ்சினுக்கு அது கெடுதல் அல்ல. ஆனால் சாதாரண டீசலைவிட அது அதிகமாக ஈரத்தை ஈர்க்கும், தொட்டியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். நெடுநாள் நின்ற வண்டியென்றால் ஃபில்டரின் அடியிலுள்ள நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பாருங்கள். நீரும் துருவும் வந்தால் இன்ஜெக்டர் சோதனை இல்லாமல் விலை பேசாதீர்கள். இன்ஜெக்டர்களை மொத்தமாக மாற்றினால் செலவு ஆயிரக்கணக்கான ரிங்கிட்டில் போகும்.

இரண்டாவது, மறந்துபோன பெல்ட். 2கேடி, 3.0 லிட்டர் 1கேடி, பழைய டிரைட்டனின் 4டி56 ஆகியவற்றில் வால்வுகளை இயக்குவது ரப்பர் பெல்ட். குறித்த தூரத்தில் அதை மாற்ற வேண்டும். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சின் அந்த நொடியே நாசமாகும். ஹைலக்ஸின் ஜிடி வகை, டி-மேக்ஸின் 4ஜேஜே1, டிரைட்டனின் 4என்15 ஆகியவற்றில் உலோகச் சங்கிலி இருக்கிறது. அதற்கு மாற்றும் தூரம் குறிக்கப்படாவிட்டாலும், எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் அதுவும் தேயும். பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்று கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மூன்றாவது, வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பதைப் படங்களில் பார்த்தோம். காற்று நசுங்கும், நீர் நசுங்காது. ஓடும் எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். லேசாக வளைந்த எஞ்சின் சில மாதம் ஓடிவிட்டு, உங்கள் கைக்கு வந்தபின் உடையலாம். இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அதில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரை மணி நேரச் சோதனை

காலையில் போங்கள். முதலில் பானட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ எஞ்சினை ஓட்டி வைத்திருக்கிறார்கள். அது ஆறும்வரை காத்திருங்கள், அல்லது மறுநாள் வாருங்கள்.

குளிர்ந்த எஞ்சினை முடுக்கிப் புகையைக் கவனியுங்கள். வெண்புகை நீடித்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. நம் வெப்பத்தில் 'காலைக் குளிர்' என்ற சாக்குக்கு இடமில்லை. நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. முடுக்கும்போது அடர்ந்த கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடுதலாகப் போகிறது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் துளையின் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் கவலை இல்லை. புகையோடு மூடி எகிறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. பின்னர் எஞ்சினை நிறுத்தி எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பாக இருப்பது இயல்பு. தே தாரிக் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோமில் செய்யும் சோதனை எஞ்சின் எண், சட்ட எண், பிரேக், புகை போன்றவற்றைப் பார்ப்பது. சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பட்டறையில் அழுத்தச் சோதனையும் கணினிச் சோதனையும் செய்யுங்கள். நான்கு சிலிண்டர்களில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கேதான் கோளாறு. அந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்க மறுத்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனவே வரிசை இதுதான். முதலில் உங்கள் சுமை, ஏற்றம், மாதம் ஓடும் தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். அதற்குப் போதுமான முறுக்குத் தரும் எஞ்சின்கள் இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றில் பராமரிப்பு ரசீதுகளோடு வரும் வண்டியைத் தேடுங்கள். நன்றாகப் பராமரித்த 2.4, கவனிப்பாரற்ற 3.0ஐவிட நெடுநாள் உழைக்கும். சரியானது கிடைக்கச் சில வாரம் கூடுதலாகலாம். மாதத் தவணையை வண்டியின் உழைப்பிலிருந்தே கட்டப்போகிறவருக்கு அந்தக் காத்திருப்பு நட்டமில்லை.