இதயத்தில் இடம் கிடைப்பதில்லை, ஏன்?

உடலில் ஓடும் இரத்தம் முழுவதும் இதயத்தின் வழியே சென்றாக வேண்டும். நாம் ஓய்வாக இருக்கும்போதுகூட நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது வெளியே செலுத்துகிறது. அப்படியானால், இரத்தத்தில் கலந்து அலையும் புற்றுநோய்ச் செல்கள் முதலில் குடியேற வேண்டிய இடம் இதயம்தானே? ஆனால் அவ்வாறு நேர்வது அரிது. பித்தநாளப் புற்றுநோயைக் கொண்டு இதன் காரணத்தை ஆராய்வோம்.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்கு எடுத்துச் செல்லும் குழாயே பித்தநாளம். இதில் தோன்றும் புற்றுநோய் வடகிழக்குத் தாய்லாந்தில் மிகுதி. அங்குப் பச்சையாக உண்ணப்படும் நன்னீர் மீன் வழியே ஒருவகைத் தட்டைப்புழு உடலுக்குள் புகுந்து, பித்தநாளத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. அதுவே முக்கியக் காரணம். மீனை நன்கு வேகவைத்தால் புழு மடிந்துவிடும்.

இப்புற்றுநோய் பெரும்பாலும் அருகிலுள்ள கல்லீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் பரவும். சில செல்கள் கல்லீரல் சிரைகளில் நுழைந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலப்பக்க அறைகளை அடையலாம். ஆனால் அவ்வறைகள் அகன்றவை. இரத்தம் விரைந்து பாய்கிறது. சுவர்கள் ஓயாமல் சுருங்கி விரிகின்றன. எனவே செல்கள் நுரையீரலுக்குத் தள்ளப்பட்டு, அங்குள்ள மிக மெல்லிய தந்துகிகளில் சிக்கிக்கொள்கின்றன.

இன்னொன்றும் உண்டு. வங்கிக் காசாளரின் கையில் நாள்தோறும் இலட்சக்கணக்கில் பணம் புரண்டாலும், அவருக்குரியது சம்பளம் மட்டுமே அல்லவா? இதயமும் அப்படித்தான். அதன் தசைக்கு உணவூட்டுவது அறைகளில் பாயும் இரத்தமன்று. கரோனரித் தமனிகள் கொண்டுவரும் சுமார் 5 சதவீத இரத்தமே. நுரையீரலைத் தாண்டிப் பிழைத்த செல்களே அத்தமனிகளை எட்ட முடியும்.

வந்து சேர்ந்தாலே வளர்ந்துவிடுமா? 1889-இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், புற்றுநோய்ச் செல்லை விதைக்கும் உறுப்பை நிலத்திற்கும் ஒப்பிட்டார். விதை எங்கும் விழலாம். ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். இதயத் தசை அத்தகைய மண்ணன்று எனக் கருதப்படுகிறது.

இருப்பினும் தடைகளை மீறி, பித்தநாளப் புற்றுநோய் இதயத்தை எட்டிய நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இதயத்தைச் சூழ்ந்த உறையில் செல்கள் படிந்தால் அங்கு நீர் பெருகும். உறை எளிதில் விரியாததால், நீர் விரைவாகச் சேரும்போது இதயம் நெருக்கப்படும். விரிய முடியாத இதயம் இரத்தத்தை எவ்வாறு நிரப்பிக்கொள்ளும்? இரத்த அழுத்தம் வீழும், மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்து நேரும்.

ஆகவேதான், புற்றுநோயாளிக்குத் திடீரென மூச்சிரைத்தால், 'நுரையீரல் கோளாறு' என்று மட்டும் மருத்துவர் எண்ணிவிடக் கூடாது. ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் 'எக்கோ' சோதனை சில நிமிடங்களில் நீரைக் காட்டிவிடும். ஊசி செலுத்தி நீரை வெளியேற்றினால், புற்றுநோய் நீங்காவிட்டாலும், நெருக்குண்ட இதயம் மீண்டும் விரியும், நோயாளி மூச்சுவிடுவார். அரிதாக நிகழ்வது என்பதற்காக எதையும் மறந்துவிடலாகாது. மருத்துவம் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது.