தறியைக் குறை சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுவது. நெஞ்சில் போட்ட டியூபை எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். இனிமேல் உன்னைத் தறியில் உட்கார விடமாட்டாளாம். வேலூரில் ஏதாவது ஜவுளிக்கடையில் கணக்கெழுத அனுப்பப் போகிறாளாம். போனில் பேசினால் பாதியில் அவள் வாங்கிப் பேசுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

தறிக்குழியில் உட்கார்ந்து ஜக்கார்டு மிதித்து மிதித்துத்தான் நுரையீரல் சுருங்கியது என்று தெருவே சொல்கிறதாம். நெஞ்சு நோய் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். இது பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் வரும். டீக்கடையில் நிற்கும்போது வரும், படுத்திருக்கும்போது வரும். உயரமாக, ஒல்லியாக, உன் வயதில் இருக்கிற ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். நுரையீரலின் மேல் நுனியில் சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். இருப்பதே தெரியாது. அதில் ஒன்று ஒருநாள் உடையும்.

உடைந்தால் என்ன ஆகும்? நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே இரண்டு மெல்லிய சவ்வுகள், ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் போல ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன. நுரையீரல் தன்னியல்பில் சுருங்கப் பார்க்கும். இந்த ஒட்டுதல்தான் அதை விரித்துப் பிடித்திருக்கிறது. நடுவில் காற்று புகுந்தால் பிடி விட்டுப்போகும், நுரையீரல் சுருண்டுகொள்ளும். டாக்டர் நியூமோதோராக்ஸ் என்றது இதைத்தான்.

தறி காரணமில்லை என்றால் வேறு எது? உன் சட்டைப்பையில் இருப்பது. அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பிரிட்டன் நெஞ்சக மருத்துவர்களின் வழிகாட்டுதல் ஒரு கணக்குச் சொல்கிறது: புகைக்கிற ஆண்களில் நூற்றுக்கு 12 பேருக்கு ஆயுளில் ஒருமுறையாவது இது வரலாம், புகைக்காதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு. பீடியோ சிகரெட்டோ கஞ்சாவோ, எல்லாம் ஒன்றுதான். 'குறைத்துக்கொள்கிறேன்' என்ற பேச்சே வேண்டாம்.

சேவூர்ப் பையனுக்கு டியூப் போடாமலே சரியாகிவிட்டது, உனக்கு மட்டும் ஏன் துளை போட்டார்கள் என்று உன் மாமா கேட்டாராம். மூச்சு வாங்காமல், நிலைமை மோசமாகாமல் இருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உள்ளே இருக்கிற காற்றை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. டியூப் போடாமல் விட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எட்டு வாரத்துக்குள் நுரையீரல் விரிந்துவிட்டது. நீயோ ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் போய்ச் சேர்ந்தாய். உனக்கு ஐ.சி.டி., அதாவது நெஞ்சுக்குள் டியூப், போட்டது சரிதான்.

டியூபின் மறுமுனையில் இருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாயே, அது என்ன செய்தது தெரியுமா? குழாயின் நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்கும். நெஞ்சுக்குள்ளிருந்து காற்று வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. இருமும்போது குமிழி வந்தால் உள்ளே இன்னும் கசிகிறது. மூச்சுக்கு மூச்சு தண்ணீர் மட்டம் குழாயில் ஏறி இறங்கினால் குழாய் அடைக்கவில்லை. தரை துடைக்க வருகிறார்கள் என்று உன் அம்மா பாட்டிலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்து நர்ஸிடம் திட்டு வாங்கினாளாமே. நெஞ்சு மட்டத்துக்கு மேலே போனால் பாட்டில் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். வார்டுக்கு வார்டு ஒரு அம்மா இதைச் செய்வாள்.

சளி டெஸ்ட் எழுதியதும் உன் அம்மா அழுதாளாம். நம் நாட்டில் காசநோயாலும் நுரையீரல் இப்படிச் சுருங்குவதுண்டு, அதனால்தான் பார்க்கிறார்கள். ஒரு வேடிக்கை கேள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியமே நுரையீரலை வேண்டுமென்றே சுருக்குவதுதான். இத்தாலி டாக்டர் ஃபோர்லானினி தொடங்கிவைத்தார். ஊசியால் காற்றை ஏற்றி, புண்பட்ட பக்கத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். காற்று உறிஞ்சப்பட்டதும் மறுபடி ஏற்றுவார்கள். சானடோரியங்களில் மாதக்கணக்கில் இப்படி ஒரு பக்கம் சுருங்கிய நிலையில் ஆட்கள் நடமாடினார்கள். மருந்துகள் வந்ததும் எல்லாம் மாறியது. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் சேர்ந்தவர்களுக்கு நிகராகக் குணமாகும் என்று காட்டினார்கள். உலகமே அதைப் பின்பற்றியது. சுருங்கிய நுரையீரல் மறுபடி விரியும் என்பதற்கு அந்தச் சானடோரியக்காரர்களைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் திரும்பவும் வரலாம். மூன்றில் ஒருவருக்கு வருகிறது, முதல் வருஷத்தில்தான் அதிகம். நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம்: நெஞ்சில் எது குத்தினாலும் வாய்வு. இஞ்சிச் சாறு, சோடா, முதுகில் தைலம் என்று அரை நாள் போய்விடும். நீயும் முதல் நாள் பெருங்காயத் தண்ணி குடித்துவிட்டுப் படுத்தவன்தானே. அடுத்த தடவை ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று குத்தி, மூச்சு இழுக்கும்போது கூடினால், ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடு. மூச்சுத் திணறல் ஏறிக்கொண்டே போய், உதடு நீலம் பூத்து, தலை சுற்றினால் பைக்கில் பின்னால் உட்காராதே, 108ஐக் கூப்பிடு. உள்ளே போன காற்று வெளியே வரமுடியாமல் இதயத்தையே அழுத்துகிற நிலை அது. உடனே ஊசி குத்திக் காற்றை வெளியேற்றவேண்டும்.

மறுபடி வந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். கேமரா வைத்துச் சின்னத் துளை வழியாகக் கொப்புளத்தை வெட்டி, சவ்வை ஒட்டவைப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

தறிக்கு வருவோம். ரிவ்யூ எக்ஸ்ரேயில் முழுசாக விரிந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை உட்காராதே. ஜக்கார்டு பெட்டியை ஏற்றி இறக்குகிற வேலையை இன்னும் சில வாரம் தம்பிக்காரனிடம் விடு. அதன்பின் கோர்வையோ புட்டாவோ, தாராளமாக நெய். விமானத்தில் போகிற யோகம் வந்தால், நுரையீரல் முழுசாக விரிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்தபின் ஒரு வாரமாவது கழித்துப் போ. சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் முக்குளிப்பது மட்டும் உனக்கு வேண்டவே வேண்டாம். கமண்டல நாகநதியில் நீந்தலாம், தண்ணீர் வந்தால்.

எக்ஸ்ரே படங்களைப் பாவு நூலோடு சுருட்டி வைக்காதே, பீரோவில் தட்டையாக வை. ரிவ்யூவுக்கு நானும் வருகிறேன். சிகரெட் விஷயத்தை அதற்குள் நீயே அம்மாவிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் டாக்டர் முன்னால் நான் சொல்வேன்.

இப்படிக்கு,
பெரியம்மா