குழலில் எழுதியிருப்பது

பியூப்ளோ, கொலராடோ

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் நான்கு படங்களும் வந்து சேர்ந்தன. வீட்டுக்காரப் பாட்டியின் கணவர் விட்டுப்போன வின்செஸ்டர் மாடல் 70, குழலில் .257 ராபர்ட்ஸ் என்ற எழுத்து, போல்ட்டில் தேய்ந்து வெள்ளையாகிப்போன இடங்கள், எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாட்டியின் பேரனும் நீயும் சேர்ந்து அதன் சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, அக்லி இம்ப்ரூவ்டு அளவுக்கு மாற்றப்போவதாக எழுதியிருக்கிறாய். அதைக் கடையும் ரீமர் வாடகைக்குக் கிடைக்கிறது, லேத் சனிக்கிழமை சும்மா நிற்கிறது, ஒரு மணி நேர வேலைதானே மாமா என்று கேட்கிறாய். ரீமர் உலோகத்தைத் தொடுகிற நேரம் அவ்வளவுகூட இல்லை, கண்ணு. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலையைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என்னோடு டூல்ரூமில் இருந்த ஒருவர் ஏலத்தில் ஒரு ரைபிள் வாங்கினார். அதன் குழலிலும் .257 ராபர்ட்ஸ் என்றுதான் இருந்தது. கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டார். வெடித்தது, குறியும் பிசகவில்லை. ஆனால் வெளியே வந்த பித்தளைக் கூட்டைப் பார்த்து அவருக்கு முகம் மாறிவிட்டது. உள்ளே போனபோது சரிந்து இறங்கிய தோள், வெளியே வரும்போது முறித்து மடக்கியது போல நின்றது. உடம்பும் பருத்திருந்தது. கூட்டை என்னிடம் கொண்டுவந்தார். சேம்பருக்குள் செரோசேஃப் ஊற்றினோம். 88 டிகிரி செல்சியசுக்குள் முழுக்க உருகிவிடும் உலோகக் கலவை அது. உறைந்ததும் கொஞ்சம் சுருங்கி எளிதாக வெளியே வரும்; பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரத்தில் சேம்பரின் அளவுக்கே வந்து நிற்கும். அளந்தோம். தோளின் கோணம் 40 டிகிரி. யாரோ ஒரு நல்ல கைகாரர் எப்போதோ அதை அக்லி இம்ப்ரூவ்டாகக் கடைந்திருக்கிறார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எழுத்தை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார். அந்த எழுத்தை நம்பித்தான் நண்பர் தோட்டாவை உள்ளே தள்ளினார். அன்றைக்கு ஆபத்து எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்த எழுத்தின் மௌனம் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

வைல்ட்கேட், அதாவது காட்டுப்பூனை, என்று இவர்கள் சொல்லும் தோட்டா எந்தக் கம்பெனியின் அட்டவணையிலும் இருக்காது. ஏற்கெனவே இருக்கிற ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைக் குறுக்கியோ விரித்தோ, தோளை நிமிர்த்தியோ தனியாட்கள் தங்கள் பட்டறையில் பண்ணுவது அது. அமெரிக்காவில் 1926ல் தொடங்கிய சாமி என்ற அமைப்பு தோட்டா, சேம்பர் இரண்டின் அளவுகளையும் அழுத்த வரம்பையும் வகுத்து வெளியிடுகிறது. அந்த வேலிக்கு வெளியே திரிவதால்தான் பூனை. பல பூனைகள் பின்னால் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் ராபர்ட்ஸே அப்படி வந்ததுதான்: ஜெர்மானிய 7 மில்லிமீட்டர் மௌசர் கூட்டின் கழுத்தைக் குறுக்கி நெட் ராபர்ட்ஸ் என்பவர் உருவாக்க, 1934ல் ரெமிங்டன் கம்பெனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. .25-06 என்பதை நீட்னர் என்பவர் 1920 வாக்கில் செய்தார். ரெமிங்டன் அதை ஏற்க 1969 ஆயிற்று. .22-250 காத்திருந்தது 1965 வரை. ஆக, நீங்கள் செய்ய நினைப்பது ஒரு பூனையின் மேல் இன்னொரு பூனையை ஏற்றும் வேலை.

பார்க்கர் ஆட்டோ அக்லியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள். 1903ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1936ல் ஆரிகானில் ஒரு துப்பாக்கிப் பட்டறையை விலைக்கு வாங்கித் தொழிலில் இறங்கினார். போர் முடிந்த காலத்தில் எங்கள் பியூப்ளோவுக்குத் தெற்கே இருக்கும் டிரினிடாட் ஊருக்கு வந்து, அங்குள்ள கல்லூரியில் துப்பாக்கி வேலை கற்பித்தார். கடைசியில் உங்கள் சால்ட் லேக் சிட்டியில் குடியேறி 1989ல் காலமானார். எந்தக் கூட்டைக் கண்டாலும் அதன் உடம்பின் சரிவைக் குறைத்து, தோளை நிமிர்த்தி, வெடிமருந்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் பண்ணிப் பார்ப்பது அவர் வழக்கம்; அப்படி மாற்றியதைத்தான் அக்லி இம்ப்ரூவ்டு என்கிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது அவருடைய தோட்டாக்களைவிட, சந்தேகம் வந்தால் உடைத்தே பார்த்துவிடும் குணம். பழைய ராணுவ ரைபிள்களில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போய், எது எந்த அழுத்தத்தில் சிதறுகிறது என்று பார்த்து எழுதிவைத்தார். பலர் மட்டம் என்று ஒதுக்கிய ஜப்பானிய அரிசாகாதான் அதில் கடைசிவரை தாங்கியது.

சரி, இந்த மாற்றத்தால் எவ்வளவு லாபம்? இங்கேதான் நிதானம் வேண்டும். குழலின் துளை மாறாமல் கூட்டின் கொள்ளளவு மட்டும் கூடினால், அழுத்தமும் அதே அளவில் இருந்தால், வேகம் கூடுவது கொள்ளளவு கூடியதில் ஏறக்குறைய கால் பங்குதான். இது தொழிலில் எல்லோரும் கைக்கணக்காக வைத்திருப்பது. கூட்டில் பத்து சதவீதம் இடம் கூடியது என்று வைத்துக்கொள். வேகம் இரண்டரை சதவீதம் கூடும். விநாடிக்கு 2,900 அடி போன குண்டு சுமார் 2,970 அடி போகும். அந்த எழுபது அடியை எந்த மானும் கண்டுபிடிக்காது. சிலர் இருநூறு, முந்நூறு அடி கூடியது என்பார்கள். அதில் பெரும்பகுதி புதிய தோளிலிருந்து வந்ததே இல்லை. மருந்தைக் கூட்டி அழுத்தத்தை ஏற்றியதால் வந்தது. ராபர்ட்ஸ் தோட்டாவைக் கம்பெனிகள் பழைய மௌசர்களை மனதில் வைத்து மென்மையாகவே நிரப்பின. அதனால் அதில் இந்த மயக்கம் கூடுதல். இடத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எங்கே முடியும் என்பதற்கும் அக்லியே சாட்சி. விநாடிக்கு 5,000 அடி வேண்டும் என்ற ஆசையில், யானை வேட்டைக்கான .378 வெதர்பி கூட்டின் கழுத்தை .22 அளவுக்கு நெரித்து ஒன்றைச் செய்தார். சுமார் 4,600 அடியில் அது நின்றுவிட்டது.

லாபம் வேகத்தில் இல்லாவிட்டாலும் கூட்டின் ஆயுளில் உண்டு. சரிவு குறைந்த உடம்பு வெடிக்கும்போது சேம்பர் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும்; பித்தளை முன்னால் கழுத்தை நோக்கி வழிவது குறையும்; கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். அந்தப் பிடிமானத்தைக் காட்ட அக்லி ஒரு லீவர் ரைபிளின் பூட்டுக் கட்டையையே கழற்றிவிட்டுச் சுட்டிருக்கிறார்; கூடு சேம்பரிலேயே நின்றது. அதைப் படித்துவிட்டு பூட்டே வேண்டாம் என்று முடிவு கட்டியவர்களும் உண்டு, அது பெரிய தவறு. .30-06 தோட்டாவின் வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. போல்ட்டின் முகத்தில் வந்து மோதும் விசையைக் கணக்கிட்டுப் பார், மூன்று டன்னைத் தாண்டும். அது உன் நண்பனின் கன்னத்துக்குச் சில அங்குலத்தில் நடக்கிறது.

இப்போது ஹெட்ஸ்பேஸ். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள். மூடிய போல்ட்டின் முகத்திலிருந்து, தோட்டாவை முன்னால் தடுத்து நிறுத்தும் இடம்வரை உள்ள தூரம் அது. ராபர்ட்ஸில் தடுப்பது தோள். இந்தத் தூரம் கூடிப்போனால், சுடும் ஊசி அடித்ததும் தோட்டா முன்னால் நகரும். அழுத்தம் ஏற, கூட்டின் மெல்லிய முன்பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். தடித்த பின்பாதி போல்ட்டை நோக்கி இழுபடும். நடுவில் ஒரு வளையமாகப் பித்தளை மெலியும். முதல் தடவை வெளியே தெரியாது. பிறகு ஒருநாள் அந்த வளையத்தில் பிளந்தால், அத்தனை அழுத்தக் காற்றும் பின்பக்கமாகப் பீறிடும். எஞ்சினில் கேஸ்கட் என்ன செய்கிறதோ அதைத்தான் இங்கே பித்தளை செய்கிறது.

சாதாரண ராபர்ட்ஸ் தோட்டாவை அக்லி சேம்பரில் போட்டால், புதிய தோளுக்கும் பழைய தோளுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். அப்படியென்றால் எது தடுக்கிறது? கழுத்தும் தோளும் சேரும் அந்த மெல்லிய விளிம்பு மட்டும்தான். குறைந்தபட்ச ஹெட்ஸ்பேஸைச் சரிபார்க்கும் அளவுகோலுக்குக் கோ கேஜ் என்று பெயர். அதனால் அக்லி சேம்பரின் கோ கேஜ், சாதாரண கோ கேஜைவிட ஆயிரத்தில் நான்கு அங்குலம், நம் பட்டறைப் பேச்சில் நாலு தவ், குட்டையாக இருக்கும். போல்ட்டை மூடும்போது கையில் லேசான பிடிப்புத் தெரிய வேண்டும்; அந்த விளிம்பு தோட்டாவை நெருக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் பிடித்திருந்தால் வெடித்ததும் பித்தளை பணியாரக் குழியில் ஊற்றிய மாவு போல நாலாபக்கமும் விரிந்து புது வடிவத்தை எடுத்துக்கொள்ளும். என் நண்பர் தப்பித்தது இதனால்தான்.

ஆனால் உங்கள் ரைபிளின் விளிம்பு இப்போது சாதாரண அளவுக்கு இருக்கிறது. இருக்கிற சேம்பரில் ரீமரை நேரே விட்டால் அந்த நாலு தவ் எங்கிருந்து வரும்? வராது. உலோகத்தை எடுக்கத்தான் முடியும், திரும்ப வைக்க முடியாது. குழலை ரிசீவரிலிருந்து கழற்றி, குழலின் தோளைக் கடைந்து, முழுக் குழலையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். மாடல் 70ல் அங்குலத்துக்கு 16 திரெட். ஒரு முழுச் சுற்றுக்கு அறுபத்திரண்டரை தவ். நல்ல கைகாரர்கள் ஒரு முழுச் சுற்றே தள்ளுவார்கள், அப்போதுதான் குறிமுனையும் எழுத்தும் பழைய நேருக்கே திரும்பி வரும். அத்தோடு முடியாது; குழலின் பின்முகத்தில் இருக்கும் கூம்பையும் எக்ஸ்ட்ராக்டர் வெட்டையும் அதே அளவுக்குத் திரும்பக் கடைய வேண்டும். குழலின் துளை லேத்தில் துல்லியமாக மையத்தில் ஓடுகிறதா என்று டயலில் பார்ப்பதற்கே அரை நாள் போய்விடும். கடைசிச் சில தவ்வில் கேஜைப் போடு, எடு, துடை, மறுபடி போடு என்றுதான் போக வேண்டும். ஒரு சிலும்பு தோளில் ஒட்டியிருந்தால் கேஜ் பொய் சொல்லும். ஒரு மணி நேரம் என்றாயே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ரீமரை மட்டும் ஓட்டியவர்களில் ஒருவருடைய கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 6.5 மில்லிமீட்டர் அரிசாகா ஒன்றின் சேம்பரை .30-06க்கு மாற்றினார் அவர். குழலின் துளையைத் தொடவில்லை. .308 அங்குலக் குண்டு .264 அங்குலத் துளைக்குள் நெரிந்து போக வேண்டும். அவர் அதை வைத்து மானும் சுட்டிருக்கிறார், உதை கொஞ்சம் அதிகம் என்று மட்டும் குறைப்பட்டாராம். அரிசாகாவின் எஃகு அவரைக் காப்பாற்றியது. எல்லா எஃகும் காப்பாற்றாது. முதல் உலகப் போர்க் காலம்வரை ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் அடித்த 1903 ரைபிள்களில் 800,000க்குக் கீழே எண் உள்ளவற்றை இன்றும் சுடவே பயப்படுகிறார்கள். உலைச் சூட்டை அனுபவசாலிகள் கண்ணால் பார்த்து மதிப்பிட்டார்கள். வெயில் நாளில் எஃகு மங்கலாகத் தெரிய, மேகமூட்டமான நாளைவிட அதிகமாகக் காய்ச்சிவிட்டார்கள். 1917ல் சில ரிசீவர்கள் சிதறிய பிறகுதான் பைரோமீட்டர் வைத்தார்கள். ஹீட் ட்ரீட்மென்ட்டில் நீ வேலை பார்ப்பதால் இது உனக்கு நன்றாகப் புரியும்.

இன்னொன்று. நீ வேலை விசாவில் இருக்கிறாய். அப்படி இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை இங்குள்ள மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அடுத்தவருக்கு இந்த வேலையைத் தொழிலாகச் செய்ய மத்திய லைசென்சும் வேண்டும். அதனால் பேரன் அதை லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொண்டுபோகட்டும். நீ கூடப் போ, பக்கத்தில் நின்று பார், கேள். ஊருக்குப் போகும்போது செய்து பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். அங்கே 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றவும் பழுதுபார்க்கவும்கூட லைசென்ஸ் தேவை.

உண்மையில் என்னைக் கேட்டால் அந்த ரைபிளை அப்படியே விடச் சொல்வேன். தாத்தா சுட்ட அதே தோட்டாவைப் பேரனும் சுடட்டும், மியூல் மானுக்கு அது தாராளம். ஆனாலும் முடிவு அவனுடையது. மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் அவன் சார்பில் நீ கேட்டு வாங்கு. வேலை முடிந்ததும் குழலில் புதிய பெயரைக் குத்த வேண்டும். வைல்ட்கேட் கூட்டின் அடியில் பழைய தோட்டாவின் பெயரே இருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது. மாற்றிய கூட்டை நிரப்பி இன்னொரு சாதாரண ராபர்ட்ஸில் போட்டால் போல்ட் மூடாது. வலுக்கட்டாயமாக மூட நினைப்பவன் ஒருவன் எங்காவது இருப்பான். பேரனுக்கு நினைவிருக்கும். அவனுக்குப் பிறகு அந்த ரைபிளை எடுப்பவருக்கு யார் சொல்வது?

பழைய எழுத்தை அழிக்க வேண்டாம். அது பொய்யில்லை, அந்தத் தோட்டாவும் அதில் போகும். .257 ராபர்ட்ஸ் என்பதை ஒட்டி, அக்லி இம்ப்ரூவ்டு என்று சேர்க்கச் சொல். நீ அனுப்பிய படத்தில் அந்தப் பக்கம் சரியாகத் தெரியவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுது. என்னிடம் சின்ன எழுத்துப் பஞ்ச் செட் ஒன்று இருக்கிறது, கன்ஸ்மித்திடம் இல்லையென்றால் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
மாமா