அடுத்த ஸ்டேஷனில் ஒரு நூலகர்

தம்பி, தங்கச்சிமாருக்கு,

மலையகத்துக் கல்லூரி நூலகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். நுவரெலியா, ஹற்றன் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் கற்கை நிலையங்களுக்கும் நூலகர்களாகப் புது நியமனத்தோடு வருகிற உங்களை நினைத்து இதை எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை.

1. வந்த கையோடு அலுமாரிகளை மாற்றி அடுக்கத் தொடங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். கொட்டகலைப் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகம் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ரெயிலில் கீழே இறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம். நாட்டில் அச்சாகும் நூலின் பிரதி சட்டப்படி போய்ச் சேருகிற இடங்களில் அதுவும் ஒன்று. தோட்டத்து மண்ணைப் பற்றி ஒப்படை எழுதுகிற பிள்ளை உங்களிடம் வந்து நிற்கும்போது, “இங்கே இல்லை” என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. “இன்னாரிடம் இருக்கிறது, நான் கேட்டு வைக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு அந்த இன்னாரை ஒரு தடவையாவது நேரில் பார்த்து, ஒரு பிளேன்ரீ குடித்திருக்க வேண்டும். கடிதத்தில் மட்டும் தெரிந்தவருக்கும் முகம் தெரிந்தவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

2. இரவல் வாங்கிய புத்தகத்தைச் சொன்ன தேதிக்கு முதல் நாளே திருப்பி அனுப்புங்கள்.

3. பெயர் விஷயத்தில் ஒரே முடிவுக்கு வாருங்கள். சி.வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். தமிழிலும் எழுதினார், ஆங்கிலத்திலும் எழுதினார். ஒரு நூலகத்தில் அவர் ‘ச’ வரிசையில் இருப்பார், இன்னொன்றில் ‘வ’ வரிசையில் இருப்பார், மூன்றாவதில் ஆங்கில அட்டைகளுக்குள் மட்டும் இருப்பார். தேடி வருகிற பிள்ளைக்கு அவர் மூன்று ஆள். நம்முடைய பெயர்களில் முதலெழுத்து தகப்பன் பெயராகவும் இருக்கும், ஊராகவும் இருக்கும். வெள்ளைக்காரனின் குடும்பப் பெயர் விதி அதற்குப் பொருந்தாது. ஆகவே நாலு நூலகர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, மலையக எழுத்தாளர்களுக்கு இன்ன தலைப்பு என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வடிவம் சரி என்று சண்டை பிடிக்க வேண்டாம். எல்லாரும் ஒன்றையே பிடித்துக்கொண்டால் சரி. மற்ற வடிவங்களிலிருந்து அதற்கு ‘காண்க’ போட்டுவிடலாம்.

4. இது என் மனதை இன்னும் அரிக்கிற விஷயம். நாங்கள் இரண்டு வருடம் இருந்து, கிட்டத்தட்ட நாலாயிரம் தலைப்புகளைக் கணினியில் ஏற்றினோம். எல்லாம் பாமினி எழுத்துரு. திரையில் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும், ஆனால் கணினிக்குள் இருப்பது எம், கே போன்ற ஆங்கில எழுத்துகள்தான். கணினி பழுதாகிப் புதியது வந்தது. பாமினி இல்லாத அந்தத் திரையில் எங்கள் பட்டியல் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக நின்றது. மாற்றித்தருகிற மென்பொருள் உண்டென்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. கேட்க ஒரு சக நூலகரைத் தெரிந்திருக்கவில்லை. உட்கார்ந்து மறுபடியும் தட்டினோம். பிறகு ஒரு பயிற்சிப் பட்டறையில் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒருவர், “எங்களுக்கும் இதுதான் நடந்தது, அரை நாளில் மாற்றினோம்” என்றார். அவருடைய கல்லூரி எங்களிடமிருந்து ஒரு மணித்தியாலப் பயணம்.

இனித் தட்டுவதெல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். கோஹா போன்ற நூலக மென்பொருளுக்குக் காசு கட்டத் தேவையில்லை; நியூசிலாந்தில் ஒரு சிறிய ஊர் நூலகத்துக்காக எழுதி, 2000 இல் ஓடத் தொடங்கியது அது. ஆனால் தனியாக நிறுவப் போய்த் திணறாதீர்கள். நிறுவிப் பழகிய ஒருவரை அழைத்து, மதியச் சாப்பாடு கொடுத்துப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

5. இலங்கை நூலகச் சங்கம் 1960 இல் தோன்றியது. அதன் டிப்ளோமா மூன்று நிலைகளில் நடக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999 இலிருந்து இருக்கிறது. இரண்டு பேராகச் சேர்ந்து படிக்கப் போங்கள். ஒருவர் வகுப்புக்குப் போகாத நாளில் மற்றவரின் குறிப்பு உதவும். அதைவிட முக்கியம், திரும்பி வந்ததும் படித்ததை ஊழியர்கள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் மாறிப் போனபோது அந்த நூலகத்துக்கு எதுவும் மிஞ்சவில்லை.

6. சிங்களம் பேசுகிற நூலகர்களோடு நெருங்கிப் பழகுங்கள். ஈரமும் பூஞ்சணமும் மொழி பார்ப்பதில்லை. ஜூன், ஜூலை மழையில் அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும் என்பதையும், பூஞ்சணம் பிடித்த அட்டையை ஈரத்துணியால் துடைக்காமல் வெளியே கொண்டுபோய், வாய்க்கவசம் போட்டு, காய்ந்த தூரிகையால் தட்ட வேண்டும் என்பதையும் எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு சிங்கள அக்கா.

7. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. அதை நினைத்துக்கொண்டு நம்முடைய சஞ்சிகைகளைப் பாருங்கள். குன்றின் குரல், தீர்த்தக்கரை, நந்தலாலா. எந்த இதழ், எந்த இலக்கம், யாரிடம் இருக்கிறது என்று சேர்த்து ஒரு பட்டியல் எழுதுங்கள். பெரிய திட்டம், நிதி என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம். ஐந்து நூலகம், ஐந்து தாள் போதும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் எது ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். இல்லாததை ஸ்கேன் பண்ணி அனுப்பலாம்.

நாங்கள் ஒரு சஞ்சிகைக்கு இப்படி எழுதியபோது ஓர் இலக்கம் மட்டும் ஒருவரிடமும் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில், தகரப் பெட்டிக்குள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்குக் கீழே அது கிடந்தது. தருவதற்கு அவருக்கு மனமில்லை. அவரையே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ஹற்றன் டவுனுக்குப் போனோம். போட்டோகொப்பிக் கடையில் அவர் கண்முன்னாலேயே ஐந்து பிரதி எடுத்து, மூலத்தை அவர் கையிலேயே கொடுத்தோம். ஐந்தும் அந்தக் கிழமையே ஐந்து நூலகங்களுக்குப் போயின.