முசிறிக் கப்பலின் கணக்கு



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, பிரசாதமும் தேநீருமாக மண்டபத்தில் அமர்ந்திருக்கும்போது எம்மவர் பேச்சு பெரும்பாலும் பயணங்களைப் பற்றியதாகவே இருக்கிறது. விடுமுறைக்கு எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று தொடங்கும் பேச்சு சிறிது நேரத்தில் பழைய வரலாற்றுக்குப் போய்விடும். அண்மையில் ஒரு நண்பர் குடும்பத்துடன் குளிர்கால விடுமுறைக்கு எகிப்தின் செங்கடற் கரைக்குச் சென்று திரும்பியிருந்தார். இன்னொருவர் சூரிச்சிலிருந்து இரவு இரயிலில் வியன்னாவுக்குப் போய்வந்தவர். இருவர் கதையும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. அந்த இடம் முசிறி.

பேச்சின் நடுவே ஒருவர், "அந்தக் காலத்தில் எகிப்தையே தமிழன்தான் ஆண்டான்" என்றார். அருகில் இருந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, "மாமா, அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டது. பெரியவர்கள் சிரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் அது சிரித்து விட்டுவிடக்கூடிய கேள்வி அன்று. அந்தக் கேள்விக்குரிய பதிலே இந்த இதழின் பாடமாகும். கணக்கியல் என் தொழில் என்பதால், அந்த வழியிலேயே விளக்க முயல்கிறேன்.

1. வியன்னாவில் உள்ள ஏடு

பாப்பிரசு என்பது நைல் நதிக்கரையில் வளரும் ஒருவகைக் கோரையிலிருந்து செய்யப்பட்ட தாள். எம்முடைய பனை ஓலையைப் போல, எகிப்தியரும் கிரேக்கரும் அதில் எழுதினார்கள். மழையில்லாத எகிப்தின் மணலில் புதைந்த ஏடுகள் ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அழியாமல் கிடைக்கின்றன.

அவ்வாறான ஏடு ஒன்று 1980ஆம் ஆண்டில் வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. ஹெர்மன் ஹராவர், பீட்டர் சைபெஸ்டெயின் என்ற இரு அறிஞர்கள் 1985இல் அதைப் பதிப்பித்தார்கள். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட இந்த ஏடு கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதில் முசிறி என்ற பெயர் இருப்பதால் 'முசிறி பாப்பிரசு' என்று இதனை அழைக்கின்றனர். முசிறி சேரநாட்டின் துறைமுகம். இன்றைய கேரளத்தில் பரவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளைக் கொண்டு, அதுவே பழைய முசிறி என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஏட்டின் ஓரங்கள் சிதைந்துள்ளன. இரு பக்கமும் எழுத்து உண்டு. முன்பக்கத்தில் இருப்பது ஒரு கடன் ஒப்பந்தம். பின்பக்கத்தில் இருப்பது ஒரு கப்பற் சரக்கின் மதிப்பீட்டுக் கணக்கு. கடன் கொடுத்தவர், வாங்கியவர் ஆகிய இருவர் பெயரும் அழிந்துவிட்டன. கப்பலின் பெயர் மட்டும் தப்பியுள்ளது: ஹெர்மாப்பொல்லோன்.

2. முன்பக்கம்: கடனும் ஈடும்

இன்று வீடு வாங்க வங்கியில் கடன் எடுத்த எவருக்கும் இந்த ஒப்பந்தம் உடனே விளங்கும். வணிகன் முசிறிப் பயணத்துக்காகப் பணம் பெற்றுள்ளான். கொண்டுவரும் சரக்கே கடனுக்கு ஈடு. கப்பல் செங்கடல் துறைமுகத்தை அடைந்ததும், நம்பிக்கையான ஒட்டகக்காரனிடம் சரக்கை ஒப்படைத்து, காவலுடன் பாலைவனம் கடந்து, நைல் நதிக்கரையிலுள்ள கொப்தொஸ் நகரின் பண்டகசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே கடன் கொடுத்தவரின் முத்திரை வைக்கப்படும். பின் படகில் அலெக்சாந்திரியாவுக்குப் போக வேண்டும். அங்கே சுங்கத் தீர்வை நாலில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம். தவணைக்குள் கடன் தீராவிட்டால் சரக்கைத் தம் வசமாக்கிக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு.

கப்பலை ஓட்டியவர்களுக்கு வேண்டியது தென்மேல் பருவக்காற்று. செங்கடலின் வாயிலிலுள்ள ஒகேலிஸ் துறையிலிருந்து முசிறிக்கு 40 நாட் பயணம் என்று உரோம எழுத்தாளர் பிளினி குறித்துள்ளார். நடுக்கோடையில் புறப்பட்டவர்கள் மார்கழி, தை அளவில் எதிர்க்காற்றைப் பிடித்துத் திரும்புவார்கள். காற்றைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். கடனோ காத்திருக்காது. இத்தனை கவனமாக ஒப்பந்தம் எழுதப்பட்டதன் காரணம் இதுவே.

3. பின்பக்கம்: சரக்கின் மதிப்பு

பின்பக்கத்தில் உள்ள இலக்கங்களை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அக்கால எகிப்தில் 6,000 திராக்மா ஒரு தாலந்து.

கங்கைக் கரையிலிருந்து வந்த சடாமாஞ்சில் என்னும் வாசனை மூலிகை 60 பெட்டிகள், பெட்டி ஒன்று 4,500 திராக்மா. 60ஐ 4,500ஆல் பெருக்க 270,000 திராக்மா. அதை 6,000ஆல் வகுக்க 45 தாலந்து. ஏட்டிலும் 45 தாலந்து என்றே உள்ளது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கணக்குப்பிள்ளை ஒருவர் போட்ட பெருக்கலை இன்று நாம் சரிபார்க்கிறோம். அது சரியாக வருகிறது.

அடுத்து யானைத்தந்தம் வருகிறது. இறுதியில் மொத்தத் தொகை: 1,154 தாலந்தும் 2,852 திராக்மாவும். திராக்மாவில் இது 6,926,852. சுங்கத்தின் நாலில் ஒரு பங்கு போக எஞ்சிய முக்கால் பங்கே இத்தொகை என்று ஆய்வாளர் விளக்குகின்றனர். அப்படியானால் முழுச் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 9,235,800 திராக்மா. அரசுக்குப் போன தீர்வை ஏறத்தாழ 2,309,000 திராக்மா. இவை ஒரேயொரு கப்பலுக்குரிய தொகைகள்.

இந்தியா ஆண்டுதோறும் உரோமப் பேரரசின் பணத்தில் 5 கோடி செஸ்தர்ஸை இழுத்துக்கொள்கிறது என்று பிளினி குறைபட்டார். எகிப்தியத் திராக்மா ஏறத்தாழ ஒரு செஸ்தர்ஸுக்குச் சமம். இரண்டையும் அருகருகே வைத்து, "ஒரு கப்பலே ஐந்தில் ஒரு பங்கா?" என்று வியக்கத் தோன்றும். ஆனால் கணக்குத் தெரிந்தவர் அவசரப்பட மாட்டார். பிளினி கி.பி. 79இல் இறந்தவர், ஏடு அடுத்த நூற்றாண்டுக்குரியது. மேலும் பிளினி சொல்வது வெளியே போன பணம். ஏடு சொல்வது அலெக்சாந்திரியாவில் இட்ட மதிப்பு. இந்தியப் பொருட்கள் வாங்கிய விலையைப் போல நூறு மடங்குக்கு விற்கப்படுகின்றன என்று பிளினியே கூறுகிறார். கொள்விலையையும் சந்தை மதிப்பையும் ஒரே நிரலில் எழுதிக் கூட்டினால் எந்த ஐந்தொகையும் பிழைத்துப் போகும்.

4. மிளகு எங்கே?

இங்கேதான் கவனம் வேண்டும். எஞ்சியுள்ள ஏட்டில் மிளகு என்ற சொல் இல்லை. சடாமாஞ்சிலுக்குரிய 45 தாலந்து மொத்தத்தில் மிகச் சிறு பங்கே. தந்தத்தைச் சேர்த்தாலும் பெருந்தொகை மிஞ்சுகிறது. அந்த மீதியைக் காட்டும் பகுதி அழிந்துவிட்டது. முசிறியின் முதன்மை ஏற்றுமதி மிளகு என்பதால், மீதியில் பெரும்பங்கு மிளகே என்று ஆய்வாளர் ஃபெதரிகோ தெ ரோமானிஸ் 2020இல் வெளிவந்த தமது நூலில் வாதிடுகிறார். இது வலுவான ஊகம். ஆயினும் ஊகமே. 'ஏட்டில் மிளகு என்று எழுதியிருக்கிறது' என்று நாம் மேடையில் பேசினால் அது பிழை.

மிளகுக்கு வேறு சான்றுகள் உண்டு. அகநானூற்றின் 149ஆம் பாடலில் புலவர் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனருடைய கப்பல்கள் பொன்னுடன் முசிறிக்கு வந்து மிளகுடன் திரும்புவதைச் சொல்கிறார். செங்கடற் கரையிலுள்ள பெரெனிக்கே என்ற பழைய துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது.

வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று ஒன்று உண்டு. எம் காசேட்டையும் வங்கி அனுப்பும் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்போம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதவில்லை. எனவே இரண்டும் பொருந்தினால் நம்பிக்கை பிறக்கிறது. கிரேக்கக் கணக்கருக்கு அகநானூறு தெரியாது. தமிழ்ப் புலவருக்கு அந்தக் கடன் ஒப்பந்தம் தெரியாது. பெரெனிக்கேயின் சாடிக்கு இரண்டும் தெரியாது. மூன்றும் ஒரே வணிகத்தைச் சொல்கின்றன. தனியே நின்ற புலவரின் சொல்லுக்கு இப்போது இரு சாட்சிகள் துணை நிற்கிறார்கள்.

5. எகிப்தில் ஓர் உறி

செங்கடற் கரைக்குச் சென்ற நண்பர் தங்கிய ஹுர்காதாவுக்குத் தெற்கே குசெயிர் என்ற சிறு நகர் உள்ளது. அதற்குச் சற்று வடக்கே பழைய துறைமுகத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளன. பிற்பாடு கிடைத்த இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை எழுத்தறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். ஒறி என்பது நாம் சொல்லும் உறிதான். ஊரில் அம்மம்மாவின் குசினியில், பூனைக்கு எட்டாமல் தயிர்ச்சட்டி தொங்கிய அதே உறி.

இந்த ஓடுகள் எதைக் காட்டுகின்றன? தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் அந்தத் துறைமுகத்துடன் தொடர்புபட்டிருந்தார்கள் என்பதை. அவர்கள் எகிப்தை ஆண்டார்கள் என்பதை அல்ல. சட்டி பானையுடன் கடல் கடந்து போய், பொருளில் தம் பெயரை எழுதிவைத்த சாதாரண மனிதர்கள் அவர்கள். எம்மைப் போன்றவர்கள் என்பதால், அரசன் கதையைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

6. மூன்று நிரல்கள்

பயணம் போய்வந்து வரலாறு பேசும்போது மனதில் மூன்று நிரல்களை வைத்துக்கொள்வோம்.

முதல் நிரல்: சான்று உள்ளது. எடுத்துக்காட்டு: வியன்னா ஏட்டில் முசிறி என்ற பெயர் உண்டு.

இரண்டாம் நிரல்: நியாயமான ஊகம். எடுத்துக்காட்டு: அழிந்த பகுதியில் மிளகு இருந்திருக்கும்.

மூன்றாம் நிரல்: எமது விருப்பம். எடுத்துக்காட்டு: எகிப்தைத் தமிழன் ஆண்டான்.

மூன்றாம் நிரலில் உள்ளதை முதலாம் நிரலுக்கு மாற்றினால் கேட்பவர் கைதட்டலாம். ஆனால் பிள்ளைகள் இன்று வீட்டுக்குப் போனதும் தேடிப் பார்த்துவிடுவார்கள். ஒரு பொய்யைக் கண்டுபிடித்த பிள்ளை, அதன்பின் நாம் சொல்லும் உண்மைகளையும் நம்பாது. எமது மொழியின் பழைமை பற்றி, எமது ஊர் பற்றி, நாம் பட்டவை பற்றி நாம் சொல்லும் அனைத்தும் அந்தச் சந்தேகத்துக்குள் போய்விடும். இழக்கப்போவது அந்த நம்பிக்கையைத்தான்.

இதில் எமக்கு ஒரு வேதனையும் உண்டு. எம்மில் பலர் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எதுவுமின்றி வந்தவர்கள். தாள் இல்லாதவர் வாய்ச்சொல்லை எப்படி நம்புவது என்று அதிகாரி முன் கேட்கப்பட்டவர்கள். ஆகவே சான்று கேட்பவர் எல்லாரும் எதிரி என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சான்று இல்லை என்பது வேறு, பொய் என்பது வேறு. இந்த வேறுபாட்டை எம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆதலால் இரண்டாம் நிரலை அழித்துவிடாமல், அதன் பெயரிலேயே அதை வைத்திருப்போம். சாட்சி ஒருநாள் கிடைக்கலாம்.

கிடைக்காமலும் போகலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைத் துறைமுகத்தில் 1980இல் தொடங்கிய அகழாய்வு, 1984இல் போரினால் நின்று போனது. அதன் முழு அறிக்கை 2013இல்தான் நூலாக வந்தது. ஒரு சமூகத்தின் உறுதிச்சீட்டுகள் எவ்வளவு எளிதில் தொலைகின்றன என்பதற்கு நாமே உதாரணம்.

எனவே ஒரு வேண்டுகோள். பயணம் போகிறவர்கள் படத்துடன் இடம், திகதி, பார்த்த பொருளின் விளக்க அட்டை ஆகியவற்றையும் குறித்து வாருங்கள். வியன்னா செல்பவர்கள் இந்த ஏடு எப்போதும் காட்சியில் இருக்கும் என்று எண்ணாமல், முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள முதியவர்கள் ஊரைவிட்டு வந்த பயணத்தையும் அவ்வாறே, ஆண்டும் இடமும் பெயருமாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடன் வாங்கிய அந்த வணிகனும் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டான்.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. 1,154 தாலந்து 2,852 திராக்மாவைத் திராக்மாவாக மாற்றுக. இது முக்கால் பங்கானால் முழுத்தொகை என்ன?

2. முசிறி வணிகத்துக்குரிய மூன்று சாட்சிகள் எவை? அவை ஒன்றையொன்று அறியாதவை என்பது ஏன் முக்கியம்?

3. உங்கள் வீட்டில் கேட்ட பழங்கதை ஒன்றை எடுத்து, அதன் பகுதிகளை மூன்று நிரல்களில் பிரித்து எழுதுக.

4. அம்மம்மா, அப்பப்பா, அல்லது அயலில் உள்ள முதியவர் ஒருவரிடம் அவரது பயணத்தைக் கேட்டு ஒரு பக்கம் எழுதுக. விடைகளைத் தமிழ் வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்கவும்.