எருக்கு இலையில் தொடங்கும் வேலை

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள நாவலூரில் வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளில் எருக்கு செழித்து நிற்கும். மாடு அதில் வாய் வைக்காது. அதன் பாலில் உள்ள கார்டினோலைடு நச்சு, உயிரணுக்களின் சோடியம் பம்பை முடக்கி இதயத்துடிப்பைக் குலைக்கும். அதே இலையைத் தின்றுதான் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. இது எப்படி என்று ஆராய்வதும் ஒரு தொழில்தான். உயிரியல் மாணவர்கள் இதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் புரிய வேண்டியவை

பூச்சிகள் பல வழிகளில் நஞ்சைச் சமாளிக்கின்றன. சில, இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்ட பிறகே தின்னும். முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, கடுகு நெடி உருவாகும் முன்பே அதன் மூலப்பொருளை நொதியால் செயலிழக்கச் செய்கிறது. வெந்தய வரியனின் உறவினமான மோனார்க் வண்ணத்துப்பூச்சியில் அந்த சோடியம் பம்பே மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களை 2019-ல் பழ ஈயில் புகுத்தியபோது, ஈயும் நஞ்சைத் தாங்கியது.

வேலை எங்கே?

செடியின் நஞ்சை முறிக்கும் நொதிகளே பல பூச்சிகளில் பூச்சிமருந்தையும் முறிக்கின்றன. வெள்ளை ஈ, நஞ்சை முறிக்கும் மரபணு ஒன்றைச் செடியிடமிருந்தே பெற்றிருப்பதை 2021-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே பயிர்ப் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும், பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் போன்ற ஆய்வகங்களுக்கும் இந்த அறிவு தேவை.

படிப்பு

• பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் முதுகலை படிக்கலாம்.
• விலங்கியல் மாணவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு வழியே முனைவர் பட்டம். சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தையும் விசாரியுங்கள்.
• ஓ.எம்.ஆர். ஐ.டி. ஊழியர்களே, மரபணுத் தரவை அலச பைத்தான், ஆர் நிரல்மொழிகள் தெரிந்தவர்கள் வேண்டும். அடிப்படை உயிரியலையும் கற்றுக்கொண்டால் உங்களுக்கும் இடமுண்டு.

இந்த வாரமே செய்யுங்கள்

ஓர் எருக்கஞ்செடியைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று சோடிக் கறுப்பு இழைகளும் கொண்ட புழுவைத் தேடுங்கள். எந்த இலையை, எங்கிருந்து கடிக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள், படமும் எடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை அணியுங்கள். ஆய்வகப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் குறிப்பேட்டையும் இணையுங்கள். உங்கள் கவனிக்கும் திறனுக்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.