அடையாள அட்டை அச்சில் வண்ணப் பிரிப்பு

மாணவர்க்கும் ஊழியர்க்கும் வழங்கப்படும் பிளாஸ்டிக் அடையாள அட்டைகளில் பெரும் பகுதி வெப்ப மாற்று முறையில் அச்சிடப்படுகின்றன. அட்டையிலுள்ள முகம் தெளிவாகத் தெரிவதும், எண் பிழையின்றிப் படிக்கப்படுவதும் அச்சுப் பொறியின் விலையை மட்டும் பொறுத்தவை அல்ல. அச்சுக்கு முன் நிகழும் வண்ணப் பிரிப்பே அவற்றைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

அடிப்படைத் தத்துவம்

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கொண்டு வண்ணப்படத்தை உருவாக்கலாம் என்பதை 1861 இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இலண்டனில் செய்து காட்டினார். அச்சில் இது தலைகீழாக நிகழ்கிறது. வெண்பரப்பு எல்லா ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. மை அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. சயான் எனும் பசுநீல மை சிவப்பொளியையும், மெஜந்தா எனும் செந்நீல மை பச்சையொளியையும், மஞ்சள் மை நீலவொளியையும் உறிஞ்சுகின்றன. ஆகவே, படத்தின் ஒவ்வோரிடத்திலும் இம்மைகள் எவ்வெவ்வளவு வேண்டும் எனக் கணக்கிடுவதே வண்ணப் பிரிப்பாகும். இரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட 1894 இல் மும்பையில் நிறுவப்பட்ட கல்லச்சுக்கூடத்தில், வண்ணத்திற்கொரு கல்லாக இதனைக் கைத்திறனால் செய்தனர். இன்று கணிப்பொறி செய்கிறது.

நாடாவின் அமைப்பு

அட்டை அச்சுப் பொறியின் நாடாவில் மஞ்சள், மெஜந்தா, சயான், கருமை, காப்புப் பூச்சு என்னும் பகுதிகள் வரிசையாக அமைந்துள்ளன. முதல் மூன்றும் சாயங்கள். அச்சுத் தலையிலுள்ள நுண்ணிய சூடேற்றிகள் தரும் வெப்பத்தின் அளவிற்கேற்ப, சாயம் மிகுதியாகவோ குறைவாகவோ அட்டைக்குள் பரவுகிறது. இதனால் முகத்தின் ஒளி நிழல் வேறுபாடுகள் படிப்படியாக அமைகின்றன. கருமைப் பகுதியோ பிசின் கலந்த மை. அது உருகி முழுமையாக ஒட்டும், அல்லது ஒட்டாது. இடைநிலை இல்லை.

இந்த வேறுபாடே பிரிப்பின் விதியை வகுக்கிறது. முகத்திற்கு மூன்று சாயங்கள்; எழுத்துக்கும் பட்டைக் குறியீட்டிற்கும் கருமை மட்டும். எழுத்தையும் மூன்று சாயங்களால் அச்சிட்டால், அவை சிறிதளவு விலகினாலும் ஓரங்களில் நிறம் கசியும். புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் மங்கும். சாயங்கள் கூடிய கருமை கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றினும், அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் ஊடுருவ விடுகிறது. ஆதலால் அக்கதிரால் இயங்கும் படிப்பான் குறியீட்டைக் காணாது. கரித்தூள் சேர்ந்த கருமை அதனை உறிஞ்சுகிறது.

முகத்திலும் கவனம் தேவை. பழுப்பு நிற மேனியில் சயான் மிகுந்தால் முகம் சாம்பல் படிந்து அடையாளம் குன்றும். ஒரே சீரான அமைப்பை எல்லோர்க்கும் பயன்படுத்தாமல், பல்வேறு மேனி நிறமுடையோரின் படங்களை அச்சிட்டுப் பார்த்துத் திருத்துதல் நலம்.

அலுவலர் கடமை

அட்டை அச்சிடும் பணியை ஒப்படைக்கும் அலுவலர், எழுத்தும் குறியீடும் கருமைப் பகுதியிலேயே அச்சாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுதல் வேண்டும். மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பயன்படுத்திய நாடாவின் கருமைப் பகுதியில், அச்சான பெயரும் எண்ணும் வெற்றிடமாகப் பதிந்திருக்கும். எவரும் அவற்றைப் படிக்கலாம். எனவே பழைய நாடாவைக் குப்பையில் எறியாமல், அலுவலரின் மேற்பார்வையில் அழித்தல் வேண்டும். குடிமக்களின் விவரங்களைக் காப்பதும் அச்சுப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.